விதைச் சாறும் பூஞ்சையும்: கேள்வி பதில்

விதைகளிலிருந்து எடுத்த சாறு பூஞ்சையைத் தடுக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சையைப் பரப்பிய அகார் (கூழ் ஊடகம்) தட்டில் குழி வெட்டி, டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்த சாற்றை விட்டேன். குழியைச் சுற்றிப் பூஞ்சை வளராத தடுப்பு வளையம் 18 மி.மீ. வந்தது. தோழியின் விதைக்கு 12 மி.மீ. தான். என்னுடையது வீரியம் அதிகம் என்று எழுதலாமா?

வெறும் டி.எம்.எஸ்.ஓ. விட்ட குழியில் என்ன வந்தது? அதை நீங்கள் சொல்லவே இல்லை. கரைப்பானே பூஞ்சையைத் தடுக்கக்கூடியது. சாறு எடுக்கப் பயன்படுத்திய மெத்தனால் முழுதாக ஆவியாகாமல் கொஞ்சம் தங்கியிருந்தாலும் வளையம் வரும். அந்தக் குழி சுத்தமாக இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

அப்படியே இருந்தாலும் 18ஐயும் 12ஐயும் ஒப்பிட முடியாது. வளையத்தின் அகலத்தில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன: பொருள் பூஞ்சையை எவ்வளவு தடுக்கிறது, அகாருக்குள் எவ்வளவு தூரம் பரவுகிறது. தண்ணீரில் கரையும் சின்ன மூலக்கூறு வேகமாக ஓடிவிடும்; எண்ணெய்ப்பசையுள்ளது குழியை விட்டே நகராது. தட்டுச் சோதனை ‘ஏதோ இருக்கிறது’ என்று மட்டும் சொல்லும். யாருடையது வீரியம் என்று தெரிய திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்க்கச்செய்து, பூஞ்சை வளராத குறைந்தபட்சச் செறிவைக் கண்டுபிடியுங்கள். அங்கே டி.எம்.எஸ்.ஓ. இறுதியில் 1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: எண்ணெய் வித்து ஒன்றின் மெத்தனால் சாறு. வளையமே வரவில்லை. விட்டுவிடட்டுமா?

இப்போதே விடாதீர்கள். முதலில் தூளை ஹெக்சேன் கரைப்பானில் ஊறவைத்தோ சாக்ஸ்லெட் என்ற வடிப்புக் கருவியிலோ கொழுப்பை நீக்குங்கள். பிறகு அதே தூளை உலர்த்தி மெத்தனாலில் எடுங்கள். ஹெக்சேன் பகுதியையும் கொட்டிவிடாமல் தனியாகச் சோதியுங்கள். அப்புறம் திரவ ஊடகத்திலும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

கேள்வி: கடுகைக் கொதிநீரில் போட்டு எடுத்த சாறு ஒன்றும் செய்யவில்லை. பச்சைத் தண்ணீரில் அரைத்து எடுத்தது பூஞ்சையை வளரவே விடவில்லை. இரண்டும் ஒரே விதை. எங்கே தவறு?

தவறே இல்லை, அருமையான முடிவு இது. கடுகில் சினிக்ரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனியாக இருக்கின்றன. விதை நொறுங்கி ஈரம் பட்டதும் இரண்டும் சேரும். சினிக்ரின் உடைந்து அல்லைல் ஐசோதயோசயனேட் உண்டாகும். மூக்கில் ஏறும் அந்தக் காரம்தான் பூஞ்சையையும் தாக்குகிறது. முழு விதையைக் கொதிநீரில் போட்டால் நொதி செத்துவிடும், சினிக்ரின் அப்படியே கிடக்கும். சூடான மெத்தனாலிலும் இதே கதைதான். ஆகவே, ‘கடுகுச் சாறு’ என்று மட்டும் எழுதினால் போதாது. அரைத்தபின் எத்தனை நிமிடம், எந்த வெப்பநிலையில் விட்டீர்கள் என்பதும் வேண்டும். பப்பாளி விதையிலும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே வருவது பென்சைல் ஐசோதயோசயனேட்.

இன்னொன்று. இது ஆவியாகும் பொருள். திரவச் சோதனைக்கான 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் வைத்தால் ஆவி பக்கத்துக் குழிகளுக்கும் போய், சாறே விடாத கன்ட்ரோல் குழியிலும் பூஞ்சை வளராது. ஓமத்தின் தைமால், கருஞ்சீரகத்தின் தைமோகுயினோன் விஷயத்திலும் கவனம் வேண்டும். இவற்றுக்குத் தனித்தட்டு வையுங்கள். ஆவிதான் வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: பூஞ்சை பரப்பிய தட்டைக் கவிழ்த்து, மூடியின் உள்பக்கம் வைத்த வடிதாளில் சாற்றை விடுங்கள். சாறு அகாரைத் தொடாமலே வளர்ச்சி நின்றால் காரணம் ஆவிதான்.

கேள்வி: விதைக்கடையில் விதைப்பதற்கென்று விற்கும் பாக்கெட் விதையைப் பயன்படுத்தலாமா?

கூடாது. அவற்றில் பலவற்றுக்குத் தைரம், கேப்டான் போன்ற பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள். இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஒட்டியிருந்தால் அதுதான் அடையாளம். உங்களுக்கு வரும் அழகான வளையம் தைரத்தின் வளையமாக இருக்கும்! செடியிலிருந்து நேரடியாகச் சேகரியுங்கள். செடியின் மாதிரியை உலர் தாவரக் காப்பகத்தில் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற இழைப் பூஞ்சையின் தட்டில், ஒப்பிடுவதற்காக ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை வைத்தேன். வளையம் இல்லை. மருந்து கெட்டுவிட்டதா?

மருந்து நல்ல மருந்துதான், பூஞ்சைதான் வேறு. ஆஸ்பெர்ஜில்லஸ் இயல்பிலேயே ஃப்ளூகோனசோலுக்கு அடங்காது. கேண்டிடா குருசேயும் அப்படியே. ஆம்போடெரிசின் பி அல்லது வோரிகோனசோல் வையுங்கள். மருந்துக்கே மசியாத பூஞ்சையைச் சாறு மடக்கிவிட்டது என்று இதை வைத்து எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதியவர்கள் உண்டு.

கேள்வி: இழைப் பூஞ்சைக்குச் சாற்றை அகாரிலேயே கலந்து, நடுவில் பூஞ்சைத் துண்டு வைத்தேன். கன்ட்ரோல் 80 மி.மீ., சாறு கலந்தது 32 மி.மீ. தடுப்பு எவ்வளவு சதவீதம்?

வித்தியாசத்தைக் கன்ட்ரோலால் வகுத்தால் 60. ஆனால் நீங்கள் வைத்த துண்டே 5 மி.மீ. என்றால், அது வளர்ச்சி இல்லையே? இரண்டிலும் 5ஐக் கழியுங்கள்: 75, 27. இப்போது தடுப்பு 64 சதவீதம். எந்தக் கணக்கு என்பதை எழுதிவிட்டால் இரண்டும் சரி. துண்டை, வளரும் கூட்டத்தின் ஓரத்திலிருந்து வெட்டுங்கள், நடுப்பகுதி கிழடு. வளர்ச்சி முழுதாக நின்ற தட்டிலிருந்து துண்டை எடுத்துச் சாறில்லாத புது ஊடகத்தில் வையுங்கள். மறுபடி வளர்ந்தால் சாறு அதை நிறுத்தி வைத்தது, கொல்லவில்லை.

கேள்வி: விதைப் புரதங்களும் பூஞ்சையைத் தடுக்குமாமே? என் மெத்தனால் சாற்றில் அவை இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. முள்ளங்கி விதையின் டிஃபென்சின்கள் நன்றாக ஆராயப்பட்டவை. சுமார் 50 அமினோ அமிலங்களே கொண்ட சின்னப் புரதங்கள், சூட்டையும் தாங்கும். இவற்றை எடுக்கத் தாங்கல் கரைசலும் (அமிலத்தன்மை மாறாமல் காப்பது) அமோனியம் சல்பேட் வீழ்படிவும் வேண்டும். ஊடகத்தில் கால்சியம் போன்ற உப்புகள் அதிகமானால் இவற்றின் வேகம் குறையும். உப்புக் குறைந்த ஊடகத்திலும் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: உயிருள்ள பூஞ்சை இருந்தால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் ரெசசூரின் சாயத்தைச் சேர்த்தேன். பூஞ்சையே இல்லாத குழியும் இளஞ்சிவப்பாகிவிட்டது.

சாற்றின் பாலிபீனால்கள் பூஞ்சை இல்லாமலே சாயத்தை வேதியியல் முறையில் ஒடுக்கி நிறம் மாற்றிவிடும். சாறும் ஊடகமும் மட்டும் உள்ள குழி ஒவ்வொரு செறிவுக்கும் வையுங்கள். அதுவும் நிறம் மாறினால் சாயத்தை விட்டுவிட்டு, குழியிலிருந்து ஒரு துளி எடுத்துத் தட்டில் பரப்பி எண்ணுங்கள்.

கேள்வி: ஒரே தட்டில் மூன்று குழி வைத்தேன். மூன்று முறை செய்ததாகக் கொள்ளலாமா?

இல்லை. வேறு நாள், புதிதாக வளர்த்த பூஞ்சை, புதிய ஊடகம். அதுதான் இரண்டாவது முறை.

கேள்வி: குன்றிமணியும் ஆமணக்கும் கைவசம் இருக்கின்றன. வீட்டிலேயே அரைத்து, ரொட்டியில் வளர்ந்த பூஞ்சை மேல் சோதிக்கலாமா?

வேண்டாம். குன்றிமணியில் அப்ரின், ஆமணக்கு விதையில் ரிசின். இரண்டும் உயிரைப் பறிக்கும் புரத நஞ்சுகள். தூள் பறந்து மூச்சில் போனாலே ஆபத்து. ரொட்டியில் வளர்ந்தது எந்தப் பூஞ்சை என்றும் உங்களுக்குத் தெரியாது. ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நேர் எதிரே காற்று வீசும் லேமினார் மேடை தட்டைக் காப்பாற்றும், உங்களை அல்ல. ஸ்போர்கள் (பூஞ்சையின் விதை போன்ற நுண்துகள்கள்) முகத்துக்கே வரும். ஆஸ்பெர்ஜில்லஸ் ஸ்போர் எடுக்க உயிரிப் பாதுகாப்புப் பெட்டகத்தில் உட்காருங்கள், 0.1 சதவீத ட்வீன் 80 (சோப்பு போன்ற பொருள்) கரைசலை ஊற்றி நனைத்து எடுத்தால் ஸ்போர் பறப்பதும் குறையும்.