டிசைனர்கள் ஒரு யோசனையை எப்படி வளர்க்கிறார்கள்?

கேள்வி: நான் டிசைன் படிக்கிறேன். தொழில்முறை டிசைனர்கள் ஒரு யோசனையை எப்படி வளர்த்தெடுக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. உங்கள் வழக்கம் என்ன?

பதில்: நான் லோகோ, பேக்கேஜிங் வேலைகள் செய்கிறவன். என் வழக்கத்தைச் சொல்கிறேன், அப்படியே உங்கள் ஆய்வுக்கு உதவக்கூடிய சிலதையும்.

முதலில் ஆராய்ச்சி, பிறகு பிரச்சினையை வரையறுப்பது, அப்புறம்தான் யோசனை என்று வகுப்பில் வரிசையாகச் சொல்லித் தருவார்கள். வேலையில் அப்படி நடப்பது அபூர்வம். பிரீஃபை, அதாவது கிளையண்ட் தரும் வேலைக் குறிப்பை, படித்து முடிப்பதற்குள் மனதில் ஏதோ ஒரு வடிவம் வந்து உட்கார்ந்துவிடும். அதை விரட்டக் கூடாது, உடனே வரைந்து பார்த்துவிட வேண்டும் என்பேன். ஒரு பாட்டில் லேபிளை வரையும்போதுதான் ‘இது அலமாரியில் நிற்குமா, படுத்திருக்குமா? ஈரம் பட்டால் லேபிள் தாங்குமா?’ என்ற கேள்விகளே வருகின்றன. கிளையண்டிடம் கேட்க வேண்டியவை எனக்குத் தெரியவருவது அப்போதுதான்.

ஜேன் டார்க் என்ற ஆய்வாளர் குடியிருப்புகளை வடிவமைத்த கட்டடக் கலைஞர்களிடம் பேட்டி எடுத்து, 1979இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களும் எல்லாத் தகவலையும் திரட்டி முடித்துவிட்டு வரைய உட்காரவில்லை. எளிய கருத்து ஒன்றை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டு, அதை வைத்தே பிரச்சினையைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் கருத்துக்கு அவர் வைத்த பெயர் ‘பிரைமரி ஜெனரேட்டர்’. அவசியம் தேடிப் படியுங்கள்.

ஆனால் முதலில் வந்த வடிவம் லேசில் விட்டுப் போகாது. 1991இல் ஜான்சன், ஸ்மித் இருவரும் செய்த சோதனைகளில், மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு வடிவமைத்தவர்கள் அதிலிருந்த குறைகளையும் சேர்த்தே தங்கள் வரைபடத்துக்குள் கொண்டுவந்தார்கள். ‘டிசைன் ஃபிக்ஸேஷன்’ என்பது இதுதான். அதனால் பென்சிலில் ஒரு பக்கம் நிரம்பும்வரை நான் ரெஃபரன்ஸ் எதையும் திறப்பதில்லை. தபால்தலை அளவில்தான் வரைவேன். அந்த அளவில் நிழலோ அலங்காரமோ கைகொடுக்காது, யோசனை பலவீனமாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். தேறுவதை பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு மறுநாள் பார்ப்பேன். பல யோசனைகள் அங்கேயே விழுந்துவிடும்.

பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் டைசன் பையில்லாத வாக்குவம் கிளீனருக்காக 5,127 மாதிரிகள் செய்தார். இதைப் பெரும்பாலும் விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய முறை: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? லோகோவில் எழுத்தையும் நிறத்தையும் ஒரே சுற்றில் மாற்றாமல் நான் இருப்பது இதனால்தான்.

இனி உங்கள் ஆய்வுக்காக டிசைனர்களிடம் எடுக்கக்கூடிய பேட்டிகள். ‘உங்களுக்கு யோசனை எங்கிருந்து வருகிறது?’ என்று மட்டும் கேட்காதீர்கள். முடிந்துபோன வேலையை நினைவிலிருந்து சொல்லும்போது யாராக இருந்தாலும் ஒழுங்குபடுத்தித்தான் சொல்வார்கள். தற்செயலாக நடந்ததுகூடத் திட்டமிட்டதுபோல ஆகிவிடும். ஒரே ஒரு புராஜெக்டை எடுத்து, கைவிட்ட ஸ்கெட்ச்களையும் பழைய ஃபைல்களையும் தேதி வரிசையில் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் காட்டி ‘இதை ஏன் விட்டீர்கள்?’ என்று கேளுங்கள். கிளையண்ட் ஒத்துக்கொள்ளவில்லை, அச்சுச் செலவு அதிகம், வேறொருவர் செய்ததுபோல இருந்தது என்று உண்மையான காரணங்கள் வரும்.

முடிந்தால் சின்ன வேலை ஒன்றைக் கொடுத்து, நினைப்பதைச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். 1994இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் கூடிய ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பதிவுகளைத்தான் ஆளுக்கொரு கோணத்தில் அலசினார்கள். சைக்கிளில் முதுகுப்பையை வைக்க ஒரு தாங்கி, அதுதான் அங்கே கொடுக்கப்பட்ட வேலை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: வரைவதில் மூழ்கியதும் பலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் குறுக்கிடாமல், கை எதை அழித்தது, எதன் மேல் திரும்பத் திரும்பக் கோடு போட்டது என்று குறித்துவைத்து, முடிந்தபிறகு கேளுங்கள்.