ஃபங்க் இசையைப் புதிதாகக் கேட்பவர் எந்தக் குழுவிலிருந்து தொடங்கலாம்?

ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன். ஃபங்க் என்பது தாளமும் பேஸும் முன்னே நிற்கும் அமெரிக்கக் கறுப்பின இசை. அதன் முன்னோடிப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனிலிருந்து தொடங்கச் சொல்பவர்கள் உண்டு, அதுவும் சரிதான். ஆனால் அங்கே ஒருவர் ஆட்டிவைக்க மற்றவர்கள் வாசிப்பார்கள். இங்கே எல்லோருக்கும் குரல் உண்டு. எனக்கு இந்தக் குழுவைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

1966 கடைசியில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் உருவான குழு இது. குழுவின் தலைவர் ஸ்லை ஸ்டோன் அப்போது வானொலி அறிவிப்பாளர். கறுப்பின நேயர்களுக்கான நிலையத்தில் பீட்டில்ஸ், பாப் டிலன் பாடல்களையும் போட்டவர். ஆள் சேர்த்ததும் நிறம் பார்க்காத அதே மனதோடுதான். தம்பி ஃப்ரெடி கிட்டார், சிந்தியா ராபின்சன் டிரம்பெட், லாரி கிரஹாம் பேஸ் (கீழ்ச்சுரங்களுக்கான கிட்டார்). சாக்ஸபோனுக்கும் டிரம்ஸுக்கும் வெள்ளையர்களான ஜெர்ரி மார்ட்டினி, கிரெக் எரிகோ. தங்கை ரோஸ் கொஞ்சம் பிந்தி வந்தார். பெண்கள் பின்பாட்டோடு நிற்காமல் வாத்தியம் வாசித்தார்கள். கறுப்பர்-வெள்ளையர் கலப்புத் திருமணத்துக்கு இருந்த தடைச் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதே 1967-இல்தான். இவர்களின் முதல் ஆல்பமும் அதே ஆண்டுதான் வந்தது.

லாரி கிரஹாமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் குழுவுக்கு முன் அவர் தன் அம்மாவோடு கிளப்களில் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் டிரம்ஸ் வாசிக்க ஆளில்லை. காலால் அடிக்கும் கிக் டிரம்மின் கனத்த ஒலிக்காகக் கட்டைவிரலால் தடித்த தந்தியை அடித்தார், ஸ்னேர் டிரம்மின் கூர்மையான ஒலிக்காக மெல்லிய தந்தியைச் சுண்டினார். இன்று ஸ்லாப் பேஸ் என்று எல்லோரும் பழகுவது அதைத்தான். 1970-இல் முதலிடம் பிடித்த 'தேங்க் யூ' பாடலில் அந்த விரல் நன்றாகவே கேட்கும். அதே மனிதர் 'எவ்ரிடே பீப்பிள்' முழுக்க ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த அடக்கம் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

அப்புறம் 1971-இல் வந்த 'தேர்ஸ் எ ரயட் கோயிங் ஆன்' ஆல்பம். குழுவில் போதைப்பழக்கம் முற்றிய காலம். எரிகோ விலகிவிட்டார். பல இடங்களில் டிரம்ஸுக்குப் பதில் தாள இயந்திரம். ஸ்லையே பல வாத்தியங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவுசெய்தார். ஒலி மங்கி, குரல் களைத்து வரும். பலரும் அதையே உச்சம் என்பார்கள். அருமையான ஆல்பம்தான், ஆனால் அதில் குழு கலைவதும் கேட்கிறது. அடுத்த ஆண்டு கிரஹாமும் போய்விட்டார்.

அதனால் முதலில் 1969-இல் வந்த 'ஸ்டாண்ட்!' ஆல்பத்தைக் கேளுங்கள், 1971 ஆல்பத்தை அதற்குப் பிறகு. போன் ஸ்பீக்கரில் வேண்டாம், பேஸ் காணாமல்போய்விடும்.