பிங் போகிறது, பதில் வரவில்லை: யூனிக்ஸ் நெட்வொர்க் கண்காணிப்பு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "இன்ஸ்டால் ஆகிவிட்டது, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை." நிறுவுவது கால் மணி நேர வேலை. அதற்குப் பிறகுதான் கூத்தே ஆரம்பம்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: சோலாரிஸ் (ஒரு வகை யூனிக்ஸ்) பணிநிலையத்தில் நெட்-எஸ்என்எம்பி போட்டேன் (எஸ்என்எம்பி முறையில் நெட்வொர்க் கருவிகளிடம் நிலவரம் கேட்கும் மென்பொருள்). டெபியன் (லினக்ஸ்) சர்வரைக் கேட்டால் 'டைம்அவுட்' என்கிறது. பிங் மட்டும் நன்றாகப் போகிறது.

பிங் போவதால் பாதை இருக்கிறது என்பது மட்டும்தான் உறுதி. டெபியனில் எஸ்என்எம்பிடி (கேள்விக்குப் பதில் சொல்லும் சேவை, இதைத்தான் ஏஜென்ட் என்கிறோம்) நிறுவியதும் 127.0.0.1-இல், அதாவது தன் கணினிக்குள் மட்டுமே காது கொடுக்கும். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் கேட்காது. எஸ்என்எம்பிடி.கான்ஃப் கோப்பில் ஏஜென்ட்அட்ரஸ் வரியில் சர்வரின் சொந்த ஐபியைச் சேர்த்து, சேவையை மறுபடி தொடங்குங்கள். அப்புறமும் வாக் (எல்லா மதிப்புகளையும் வரிசையாகக் கேட்பது) செய்தால் கொஞ்சம் வரிகளோடு நின்றுவிடும். சிஸ்டம் பகுதியைத் தவிர வேறெதையும் காட்டாத 'வியூ' ஒன்று அதே கோப்பில் இருக்கிறது. அதையும் விரித்துவிடுங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. எஸ்என்எம்பி பதிப்பு 1, 2சி இரண்டிலும் கடவுச்சொல் மாதிரி பயன்படும் கம்யூனிட்டி பெயரைத் தவறாகச் சொன்னால் ஏஜென்ட் மறுப்பு சொல்லாது, பேசாமல் இருந்துவிடும். கேட்கிறவருக்கு அதுவும் டைம்அவுட்தான், கேபிள் கழன்றிருந்தாலும் டைம்அவுட்தான். பட்டர்வொர்த்தில் ஓர் அலுவலகத்தில் ஒரு மத்தியானம் முழுக்க சுவிட்சை மாற்றி, கேபிளை மாற்றி, கடைசியில் பார்த்தால் கம்யூனிட்டி பெயரின் முதல் எழுத்தை நான் பெரிய எழுத்தில் அடித்திருந்தேன். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் அதற்கு வேறு வேறு.

அதனால் ஊகிக்க வேண்டாம். சர்வரில் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓட்டி, எஸ்என்எம்பி கேள்வி வரும் யுடிபி போர்ட் 161-ஐப் பாருங்கள் (சோலாரிஸ் பக்கம் என்றால் ஸ்னூப்). பாக்கெட்டே வரவில்லை என்றால் வழியில் கோளாறு. வந்தும் பதில் போகவில்லை என்றால் கான்ஃப் கோப்பு, கம்யூனிட்டி, அல்லது அந்த சர்வரின் ஃபயர்வால். ஃபயர்வாலை விட்டுவிடாதீர்கள், அது தடுத்துவிடும் பாக்கெட்டும் உள்ளே வரும்போது டிசிபிடம்பில் தெரியும்.

சைபர்ஜெயா வாசகர்: 1 ஜிகாபிட் இணைப்பில் ராத்திரி பேக்கப் ஓடுகிறது. 700 மெகாபிட் போவதாக சுவிட்ச் சொல்கிறது. எம்ஆர்டிஜி (எஸ்என்எம்பி வழியாகக் கேட்டுப் போக்குவரத்தை வரைந்து காட்டும் மென்பொருள்) வரைபடமோ 114-ஐத் தாண்டுவதே இல்லை. மென்பொருளில் பிழையா?

பிழை இல்லை, கணக்கு. 114 என்று நீங்கள் சொன்னதுமே விடை தெரிந்துவிட்டது.

போன பைட்டுகளை எண்ணும் பழைய 32 பிட் எண்ணி 4,294,967,296 பைட்டில் சுற்று முடித்துப் பூஜ்யத்துக்கு வந்துவிடும், பழைய காரின் கிலோமீட்டர் மீட்டர் மாதிரி. 700 மெகாபிட்டில் ஒரு சுற்று முடிய 49 விநாடி போதும். எம்ஆர்டிஜி எட்டிப் பார்ப்பதோ 5 நிமிடத்துக்கு ஒரு முறை. அதற்குள் மீட்டர் ஆறு தரம் சுற்றியிருக்கும். இரண்டு வாசிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒரு முழுச் சுற்றை 300 விநாடியால் வகுத்து பிட்டாக்கினால் ஏறக்குறைய 114.5 மெகாபிட். உங்கள் வரைபடத்தின் கூரை அதுதான்.

64 பிட் எண்ணிக்கு மாறுங்கள். பதிப்பு 1-க்கு அந்த வகை எண்ணியே தெரியாது, 2சி வேண்டும். எம்ஆர்டிஜியில் டார்கெட் வரியின் கடைசியில் ஐந்து முக்காற்புள்ளி போட்டு 2 என்று எழுதினால் போதும். சிலர் 30 விநாடிக்கு ஒரு தரம் கேட்டுச் சமாளிக்கப் பார்ப்பார்கள். இணைப்பு நிரம்பினால் ஒரு சுற்றுக்கு 34 விநாடிதான். ஒரு பதில் தவறினால் கணக்கு போச்சு.

ஜார்ஜ்டவுன் வாசகர்: பழைய எச்பி-யுஎக்ஸ் கணினி. அலாரம் எல்லாம் சரியாக 16 மணி நேரம் பின்தங்கிக் காட்டுகிறது.

நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசட் மாறியில் 'எம்ஒய்டி+8' என்று எழுதியிருப்பீர்கள். மலேசியாவில் நாம் உலகப் பொது நேரத்துக்கு (யுடிசி) எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம், அப்படித்தான் எழுதத் தோன்றும். ஆனால் யூனிக்ஸில் இந்தக் குறி தலைகீழ்: கிழக்கே இருந்தால் கழித்தல். 'எம்ஒய்டி-8' என்று மாற்றி, கண்காணிப்பு சேவைகளை நிறுத்தித் தொடங்குங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும்.

புதிய கணினிகளில் 'ஏசியா/கோலாலம்பூர்' என்று கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, ஏழரையிலிருந்து எட்டுக்கு வந்தோமே, அது வரை அந்த நேர மண்டலக் கோப்பில் பதிந்திருக்கிறது.

பிறை வாசகர்: ரவுட்டர் டிராப் (கேட்காமலே தானாக அனுப்பும் எச்சரிக்கை) அனுப்புகிறது, டிசிபிடம்பிலும் தெரிகிறது. அதை வாங்க வேண்டிய டிராப்டி சேவை கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது.

நெட்-எஸ்என்எம்பி 5.3 முதல், அனுமதி கொடுக்காத டிராப்பை அது வாங்காது. எஸ்என்எம்பிடிராப்டி.கான்ஃப் கோப்பில் ஆத்கம்யூனிட்டி வரி ஒன்று எழுதுங்கள். டிராப் வரும் 162, 1024-க்குக் கீழே உள்ள போர்ட் என்பதால் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) தொடங்க வேண்டும். தொடங்கியபின் சாதாரணப் பயனராக இறக்கிவிட அதிலேயே வசதி உண்டு.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: எந்த மென்பொருள் நல்லது? ஜாபிக்ஸா, லிப்ரே-என்எம்எஸ்ஸா?

சுவிட்ச், ரவுட்டர்தான் அதிகம் என்றால் லிப்ரே. சர்வரும் அப்ளிகேஷனும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் ஜாபிக்ஸ். இரண்டையும் போட்டுவிட்டு இரண்டையும் பார்க்காமல் இருப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

செந்தூல் வாசகர்: எஸ்என்எம்பி பதிப்பு 3-க்கு மாறினேன். பயனரை உருவாக்கினேன், வேலை செய்யவில்லை. மறுபடி உருவாக்கினேன், மறுபடியும் காணோம்.

மாறியது நல்ல காரியம். 2சி-யில் கம்யூனிட்டி பெயர் அப்படியே கம்பியில் போகும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உங்கள் பயனர் காணாமல் போவதற்குக் காரணம், எஸ்என்எம்பிடி ஓடிக்கொண்டிருக்கும்போதே உருவாக்குவதுதான். அது தன் பயனர் பட்டியலை நினைவில் வைத்திருந்து, நிறுத்தும்போது கோப்பில் எழுதும். நீங்கள் இடையில் சேர்த்த வரி அந்த எழுத்தில் அடிபட்டுப் போகும். முதலில் சேவையை நிறுத்துங்கள், பிறகு பயனரை உருவாக்குங்கள், அதன் பிறகு தொடங்குங்கள். கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறைந்தால் ஏற்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.