டெஸ்ட் பட்டன் டிரிப் ஆனால் போதுமா? நீச்சல் தொட்டி சோலார் மோட்டாரின் எர்த் பாதுகாப்பு

கேள்வி: எங்கள் தோட்டத்து வீட்டுக்கு மின்வாரிய இணைப்பு கிடையாது. குழந்தைகளுக்காகச் சிறிய நீச்சல் தொட்டி கட்டியிருக்கிறோம். இரண்டு சோலார் பேனல், 24 வோல்ட் பேட்டரி, இன்வெர்ட்டர் வழியாக அரை எச்.பி. ஃபில்டர் மோட்டார் ஓடுகிறது. 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் போட்டாயிற்று. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டிரிப் ஆகிறது. இது போதுமா?

பதில்: போதாது. அந்தப் பட்டனை நம்பிப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

ஃபேஸில் போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் ஆர்.சி.சி.பி.யின் வேலை. குறைந்தால் டிரிப் ஆகும். டெஸ்ட் பட்டனோ, கருவிக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கரண்டைத் திருப்பிவிடுகிறது. எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அது டிரிப் ஆகும்.

மின்வாரிய இணைப்பில் டிரான்ஸ்ஃபார்மரிலேயே நியூட்ரலை எர்த் செய்திருப்பார்கள். மோட்டாரில் கசியும் கரண்ட் மண் வழியாகத் திரும்பிவிடும். மின்வாரிய இணைப்பில்லாமல் ஓடும் ஆஃப்-கிரிட் இன்வெர்ட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் தனியே நிற்கிறது. மோட்டார் பாடிக்குக் கரண்ட் வந்தாலும் திரும்ப வழியில்லை, டிரிப்பும் ஆகாது. "வழியில்லை என்றால் ஷாக்கும் அடிக்காதே" என்பார்கள் சில எலெக்ட்ரீஷியன்கள். முதல் கசிவுக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் அந்தக் கசிவு யாருக்கும் தெரியாமலே கிடக்கும். அப்புறம் ஒருநாள் ஈரத்தில் இருக்கும் ஒரு ஜாயின்ட்டில் நியூட்ரலும் மண்ணைத் தொட்டால், மோட்டாரைத் தொடுபவர் உடம்பு வழியாகக் கரண்ட் பாயும். இரண்டு கசிவுமே ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி, மோட்டார் பக்கம் இருந்தால், அதன் கணக்கில் போனதும் வந்ததும் சமம். அப்போதும் டிரிப் ஆகாது.

இன்வெர்ட்டர் கையேட்டைப் பாருங்கள். அனுமதி இருந்தால், ஆர்.சி.சி.பி.க்கு முன்பாக, அதாவது இன்வெர்ட்டர் பக்கம், ஒரே ஓர் இடத்தில் மட்டும் நியூட்ரலை எர்த்தோடு இணைக்க வேண்டும். மோட்டார் பாடி, இரும்பு ஏணி, கைப்பிடி எல்லாம் அதே எர்த்தில் சேர வேண்டும். சில மலிவு இன்வெர்ட்டர்களில் இப்படி இணைத்தால் அவை எரிந்துபோகும்; ஆகவே கேட்காமல் செய்யாதீர்கள். இணைத்த பிறகு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஆர்.சி.சி.பி. டெஸ்டர் வைத்து எலெக்ட்ரீஷியன் பார்க்கட்டும். அதில் டிரிப் ஆனால்தான் நம்பலாம்.

கையேடு அனுமதிக்காவிட்டால் பேட்டரியிலிருந்தே ஓடும் 24 வோல்ட் டி.சி. மோட்டாருக்கு மாறிவிடுங்கள். சின்னத் தொட்டிக்கு எனக்குப் பிடித்த வழியே அதுதான். ஆனால் பேனலிலிருந்து நேராக ஓட்டுவது வேறு கதை: 72 செல் பேனல்கள் இரண்டைத் தொடராக இணைத்தால் 90 வோல்ட் வரை வரும், 24 வோல்ட் போல அது பாதுகாப்பானதல்ல.

டி.சி. பக்கத்தில் டி.சி.க்கென்றே செய்த எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்சு) போடுங்கள். ஏ.சி. கரண்ட் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் துண்டிக்கும்போது எழும் தீப்பொறி தானாக அணையும்; டி.சி.யில் அணையாது. பேட்டரி பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃபியூஸ் வேண்டும். மோட்டார், இன்வெர்ட்டர், சுவிட்சு எல்லாம் தொட்டி விளிம்பிலிருந்து 3.5 மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும், சர்வதேச மின் தர அமைப்பான ஐ.இ.சி.யின் விதி வகுத்திருக்கும் ஈரப் பகுதிகள் அதுவரை நீள்கின்றன.

இதெல்லாம் முடியும் வரை, தொட்டியில் யாரும் இல்லாதபோது மட்டும் மோட்டாரை ஓட்டுங்கள். பிள்ளைகள் இறங்குமுன் இன்வெர்ட்டரையே அணைத்துவிடுங்கள்.