இமேஜ் பில்டு வேகமாகணும், ஹாஷும் மாறக்கூடாது

கேள்வி: கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் கேட்வே பெட்டி செய்கிறோம். டீமில் பாதிப் பேர் இங்கே, மீதிப் பேர் வாளையாறு தாண்டிக் கோவையில். யோக்டோவில் (பெட்டிக்கான லினக்ஸைச் சோர்ஸிலிருந்து கட்டும் கருவி) ஒரு இமேஜ், அதாவது பெட்டியில் ஏற்றும் முழு சாஃப்ட்வேர் ஃபைல், எடுக்கவே அரை நாள் போகிறது. கேஷ் (முன்பு கட்டியதைச் சேமித்து மறுபடி எடுப்பது) வைக்கலாம்தான், ஆனால் வாடிக்கையாளர் ஒரே சோர்ஸுக்கு ஒரே ஹாஷ் (இமேஜின் கைரேகை போன்ற எண்) கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாகக் கேஷ் வையுங்கள். கேஷ் பிடிக்காமல் போவதற்கும் ஹாஷ் மாறுவதற்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பில்டுக்குள் சத்தமில்லாமல் நுழையும் ஏதோ ஒரு மாறும் மதிப்பு.

ரெசிபி (ஒரு பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு), அது தொடும் வேரியபிள்கள், முந்தைய டாஸ்க்குகள் எல்லாவற்றையும் சேர்த்து, யோக்டோவில் பில்டை ஓட்டும் பிட்பேக் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ஒரு சிக்னேச்சர் போடுகிறது. அது பொருந்தினால், முடிந்த டாஸ்க்குகளின் விளைவைச் சேமிக்கும் எஸ்ஸ்டேட் கேஷிலிருந்து எடுத்துக்கொள்ளும், கம்பைலே கிடையாது. உங்கள் வெர்ஷன் ரெசிபியைத் திறந்து பாருங்கள், யாராவது பில்டு நேரத்தைத் தரும் டேட்டைம் வேரியபிளைப் போட்டு வைத்திருப்பார்கள். சிக்னேச்சர் மாறுகிறது என்று பிட்பேக் திட்டியதும், அந்த வேரியபிளைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்லும் வார்டெப்ஸ்எக்ஸ்க்ளூட் எழுதி அதன் வாயை அடைத்திருப்பார்கள். கேஷ் இப்போது பிடிக்கும். ஆனால் பைனரிக்குள் இருப்பது கேஷில் முதலில் விழுந்த தேதி. கோவையில் காலிக் கேஷோடு அதே கமிட்டைக் கட்டினால் வேறு தேதி வரும். தேதியைத் தூக்கிவிட்டு கிட் கமிட் எண்ணைப் போடுங்கள். நேரம் வேண்டியே ஆகவேண்டும் என்றால், பில்டு நேரத்துக்குப் பதிலாக ஒரு நிலையான நேரத்தைத் தரும் சோர்ஸ் டேட் எபோக் இருக்கிறது. எப்போதும் கடைசிக் கமிட்டையே இழுக்கும் ஆட்டோரெவ் ரிலீஸ் கிளையில் கூடவே கூடாது.

எஸ்ஸ்டேட், டவுன்லோட்ஸ் (இறக்கிய சோர்ஸ் ஃபைல்கள்) இரண்டையும் கஞ்சிக்கோடு சர்வரில் வைத்து, கோவைக்கு மிரராகக் கொடுங்கள், படிக்க மட்டும். எழுதும் உரிமை பில்டு சர்வருக்கு மட்டும் இருக்கட்டும். யாருடைய லேப்டாப்பில் கட்டியதும் அதற்குள் போகக் கூடாது. இரண்டு ஊரிலும் ஒரே கன்டெய்னரில், அதாவது ஒரே டூல்கள் உள்ள பில்டு சூழலில், கட்டுங்கள்.

த்ரெட்டைக் கண்டபடி ஏற்றாதீர்கள். பிட்பேக்குக்கு 16 டாஸ்க், ஒவ்வொரு டாஸ்க்கிலும் மேக்குக்கு 16 வேலை என்றால் ஒரே நேரத்தில் 256 கம்பைலர் வரை ஓடலாம். ரேம் தீர்ந்து பில்டு நடுவில் சாகும்.

இனி ஹாஷ். இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் உருவாக்கும்போது அதன் அடையாள எண்ணான யுயுஐடியும், டைரக்டரி தேடலுக்கான ஹாஷ் சீடும் தானாக ரேண்டமாக வரும். இரண்டையும் நீங்களே கொடுங்கள். ரூட் ஃபைல் சிஸ்டம் படிக்க மட்டும் என்றால் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கிய ஃபைல் சிஸ்டம் இன்னும் சுலபம். செக்யூர் பூட்டுக்கு (கையொப்பம் சரியான இமேஜ் மட்டுமே பெட்டியில் ஓடும்) இசிடிஎஸ்ஏ முறையில் சைனிங் செய்தால், வழக்கமான முறையில் ஒவ்வொரு முறையும் வேறு கையொப்பம் வரும், அது தப்பில்லை. சைன் செய்யும் முன் உள்ள இமேஜின் ஹாஷைத்தான் ஒப்பிட வேண்டும். இதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், பின்னால் சண்டை வராது.

ஒவ்வொரு ரிலீஸுக்கும் முன் வேறு மெஷினில், வேறு டைரக்டரியில், கேஷே இல்லாமல் ஒருமுறை கட்டுங்கள். அந்த ஒன்றுக்கு அரை நாள் போனால் போகட்டும், ராத்திரி ஓட விடுங்கள். ஹாஷ் ஒத்துவரவில்லையா, டிஃபோஸ்கோப்பில் இரண்டு இமேஜையும் கொடுத்தால் எந்த ஃபைலில் எந்த பைட் வேறு என்று காட்டிவிடும்.