மே மாசப் புயலும் நம்ம கொங்கு நாடும்: கேள்வி பதில்

பருவமழைக்கு முந்தி வர்ற புயல் பத்தி நிறையப் பேரு கேட்டிருந்தீங்க. 2021 மே மாசம் அரபிக்கடல்ல வந்த டவ்தே புயலை வச்சே சொல்லிடறனுங்க, நமக்கு அதுல கத்துக்க வேண்டியது நெறைய இருக்குது.

பல்லடம்: ஏனுங்ணா, புயல்னா ஐப்பசி கார்த்திகைல தானுங்களே வரும்? மே மாசம் எப்படி?

வருசத்துல ரெண்டு சீசன் இருக்குதுங்க. கடலோட மேல்தண்ணி 26.5 டிகிரிக்கு மேல இருந்தாத்தான் புயல் உருவாகும், மே மாசம் 30 டிகிரியை ஒட்டி கொதிச்சுட்டு இருக்கும். அப்பறம் தென்மேற்குப் பருவமழை நல்லா புடிச்சுட்டா கீழ ஒரு திசைல காத்து, மேல வேற திசைல காத்துன்னு இழுக்கும், அந்த இழுவைல புயல் நிமிர்ந்து நிக்க முடியாது. அதனால பருவமழைக்கு முந்தியும் பிந்தியும்தான் பெரும் புயலெல்லாம். 2019ல ஃபானி, 2020ல ஆம்பன் எல்லாம் இந்த சித்திரை வைகாசிக் கணக்குதான்.

திருப்பூர்: டவ்தே எந்த வழியா போச்சுங்க?

மே 14 லட்சத்தீவு பக்கம் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமா ஆரம்பிச்சு அன்னிக்கு ராத்திரியே புயலாயிருச்சு. அப்பறம் கேரளா, கோவா, மும்பைன்னு கரையை ஒட்டியே வடக்க போயி 17ந்தேதி ராத்திரி குஜராத்துல டையூவுக்கும் ஊனாவுக்கும் நடுவுல கரை ஏறுச்சு. உச்சத்துல மணிக்கு 185 கிலோமீட்டர் வேகம். மும்பை கடல்ல ஆளுக தங்கி வேலை பாக்கற ஒரு பார்ஜ் (மிதவைக் கப்பல்) முழுகி அதுல வேலை பாத்த ஆளுக எத்தனையோ பேரு போயிட்டாங்க, குஜராத்துல கிர் பக்கம் பறிக்கிற பதத்துல நின்ன கேசர் மாம்பழம் பெரும்பகுதி கீழ கொட்டிருச்சு. ஒரு வருச வெள்ளாமைங்க அது.

பொள்ளாச்சி: குஜராத்துக்கு போன புயலுக்கு நமக்கு எதுக்குங்ணா மழை?

இதுதான் முக்கியமான கேள்வி. நம்ம பக்கம் புயல் கடியாரத்துக்கு எதிர்ப்பக்கமா சுத்தும். அரபிக்கடல்ல நமக்கு வடமேற்க அது நின்னா, அதோட தெக்குப் பக்கத்துக் காத்து கடல்ல இருந்து நேரா கிழக்க வரும், ஈரத்தை அள்ளிட்டு வந்து மலைல மோதும். அதனால வால்பாறை, நீலகிரி, சிறுவாணி மலைக்கெல்லாம் மழை. மலை தாண்டி இந்தப் பக்கம் தாராபுரம், காங்கேயம் வரும்போது ஈரம் தீந்துரும், வெறும் காத்துதான். பாலக்காட்டுக் கணவாய் வழியா அது நெருங்கி வர்றதால வேகமும் கூடும். காங்கேயத்துல களத்துல கொப்பரை காயப்போட்டவங்களுக்கும் உடுமலைல கரண்டு எடுக்கற காத்தாடிக்காரங்களுக்கும் இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

தாராபுரம்: வங்கக்கடல்ல வந்தா நமக்கு மழை கிடைக்குமுங்களா?

மே மாசத்துல அதை நம்பி விதைக்காதீங்க. ஃபானி வந்தப்ப தமிழ்நாட்டுக்கு மழைன்னு முதல்ல எல்லாரும் காத்துட்டு இருந்தோம், அது திரும்பி ஒடிசால பூரிகிட்ட கரை ஏறிருச்சு. அப்படி வடக்க போற புயல் ஈரத்தையும் கூடவே இழுத்துட்டுப் போகும், நம்ம மேல வறண்ட காத்து அடிச்சு வெயில்தான் ஏறும்.

கோபி: நேந்திரன் வாழை தாரோட நிக்குதுங்க. காத்து வரும்ங்கறாங்க, என்னங்க பண்றது?

மொதல்ல வர்றது எந்தக் காத்துன்னு பாருங்க. கணவாய்க் காத்து நாள் முழுக்க ஒரே பக்கமா அடிக்கும், அதுக்கு எலை கிழியும், மரம் பெரும்பாலும் தாங்கிக்கும். கோடை இடிமழைக்கு முன்னால பொழுது சாயறப்ப வர்ற சூறைக்காத்து இருக்குது பாருங்க, அதுதான் அரை மணி நேரத்துல ஒரு தோட்டத்தையே படுக்க வச்சுரும், அதுக்கு புயலே தேவையில்ல. தார் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் சவுக்குக் கம்பு முட்டுக் குடுத்து, தார்க் காம்பு நெரிபடாம அகலமான நாடால கட்டுங்க, மெல்லிசுக் கயிறு காத்துல அறுத்துரும். காத்து எச்சரிக்கை இருக்கற அன்னிக்கு தண்ணி விடாதீங்க, மண்ணு இளகுனா வேரோட புரட்டிரும். மீறி சாஞ்சிருச்சுன்னா வெட்டி ஒதுக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து, விஏஓவுக்கும் தோட்டக்கலை ஆபீசுக்கும் அன்னிக்கே எழுதிக் குடுங்க. பேரிடர் நிவாரணத்துக்கு 33 சதவீதத்துக்கு மேல சேதம் இருக்கணும், மரத்தை அப்புறப்படுத்திட்டா அப்பறம் எதை வச்சு கணக்கு எடுப்பாங்க?

ஈரோடு: புயல் வந்தா பருவமழை சீக்கிரம் வருமுங்களா?

அப்படி ஒரு விதி கிடையாதுங்க. டவ்தே வந்த வருசம் கேரளாவுல ஜூன் 3 ஆரம்பிச்சுது, வழக்கமான தேதி 1. 2023ல அரபிக்கடல்ல பிபர்ஜாய் புயல் ஜூன் 6 உருவாச்சு, மழை ஜூன் 8தான் கேரளாவுக்கு வந்துச்சு, வந்தும் மொதல்ல வலுவில்லாமத்தான் இருந்துச்சு.

கோயமுத்தூர்: மேப்புல விசிறி மாதிரி போடறாங்களே, அதுக்குள்ள இல்லீன்னா பயமில்லீங்களா?

இல்லீங்க. புயலோட மையம் எங்கெல்லாம் போக வாய்ப்புங்கறதுதான் அது. மழையும் காத்தும் அதுக்கு வெளிய நூத்துக்கணக்கான கிலோமீட்டர் வரும். டவ்தே விசிறிக்குள்ள நீலகிரி எங்க இருந்துச்சு? நமக்கு மாவட்ட எச்சரிக்கைதான் கணக்கு, சென்னை வானிலை மையம் தினமும் போடுது.

மேட்டுப்பாளையம்: பவானில தண்ணி வருமுங்களா?

நீலகிரில கனமழை பெஞ்சா வரும். பவானில உங்க ஊருக்கு மேல இருக்கற பில்லூர் அணை 100 அடிதான், சீக்கிரம் ரொம்பிரும், 97 அடிய தொட்டதும் வர்ற தண்ணிய அப்படியே தொறந்து விடுவாங்க. உங்க ஊர்ல வானம் வெளுத்து கெடக்கும், ஆத்துல திடீர்னு தண்ணி ஏறும். மலைல மேகம் கட்டியிருக்கற அன்னிக்கு புள்ளைகளை ஆத்துக்குள்ள விடாதீங்க, ஆடு மாட்டையும் மேட்டுல கட்டுங்க.