'பை இருக்கு, வந்து வாங்கிக்குங்க' என்று சொன்ன கடை

சட்டக் கேள்வி – பதில்
பதில் அளிப்பவர்: கும்பகோணம் வழக்கறிஞர் ஒருவர்

கேள்வி: ஆடித் தள்ளுபடிக்கு நானும் நாத்தனாரும் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தோம். பில் போட்டு, பஸ் ஏறி, வலங்கைமான் தாண்டும்போதுதான் மஞ்சள் பை கையில் இல்லை என்று தெரிந்தது. அதில் பத்தரிடம் திருகு மாற்றி வாங்கிய ஒரு சவரன் ஜிமிக்கியும் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசும் இருந்தன. பத்தர் என் பெயர் போட்டு எழுதிக் கொடுத்த சீட்டும் கூடவே இருந்தது. பில்லில் இருந்த எண்ணுக்கு உடனே போன் செய்தேன். "பை இருக்கும்மா, கேஷ்ல எடுத்து வச்சிருக்கோம், வந்து வாங்கிக்குங்க" என்றார்கள். நீடாமங்கலத்தில் இறங்கி எதிர் பஸ் பிடித்துப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. போனால், "ஒரு அம்மா வந்து மஞ்சப்பைன்னு கேட்டாங்க, நீங்கதான்னு நெனச்சுக் கொடுத்துட்டோம்" என்கிறார்கள். 'வாடிக்கையாளர் உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற போர்டை முதலாளி காட்டுகிறார். மறந்துவிட்டு வந்தது என் தப்பு, விட்டுத் தொலை என்கிறார் வீட்டுக்காரர். விட்டுவிட வேண்டியதுதானா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: விட வேண்டாம் அம்மா.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. நீங்கள் மறந்து வைத்த பை நாற்காலியிலேயே கிடந்து, கடை ஆள் யாரும் தொடாமல், வேறொருவர் தூக்கிக்கொண்டு போயிருந்தால் கடையைக் குற்றம் சொல்வது கடினம். ஆனால் உங்கள் பை நாற்காலியில் கிடக்கவில்லை. கடை ஆள் அதை எடுத்துக் கல்லாவில் வைத்தார். அவர் கை பையில் பட்ட அந்த நிமிடத்திலிருந்து சட்டம் வேறு.

1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 71-வது பிரிவு என்று ஒன்று உண்டு. அடுத்தவர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைத்துக்கொள்பவருக்கு, நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை வைத்திருப்பவருக்கு உள்ள அதே பொறுப்பு உண்டு என்கிறது அது. கண்டெடுக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை. எடுத்துவிட்டால், தன் சொந்தப் பொருளை விவரமுள்ள ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இது 151-வது பிரிவு. அந்த அளவு கவனம் எடுத்தும் பொருள் போயிற்று என்றால் பொறுப்பில்லை என்று 152 சொல்கிறது. ஆக, கேள்வி ஒன்றுதான்: கடை என்ன கவனம் எடுத்தது?

பையின் சொந்தக்காரர் நீடாமங்கலத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருக்கிறார் என்று கடைக்குத் தெரியும். போன் வந்த எண் அவர்களிடம் இருந்தது. வந்து நின்ற பெண்மணியிடம் "எந்த நம்பர்லேர்ந்து போன் பண்ணீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பைக்குள் உங்கள் பெயர் போட்ட சீட்டு இருந்தது, பெயரையாவது கேட்டிருக்கலாம். தன் வீட்டு ஜிமிக்கியை இப்படி யாரும் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். உங்கள் வழக்கின் பலமே இந்த இடம்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. என் அப்பா கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தார். 2004 மகாமகத்தின்போது கடைக்குள் கால் வைக்க இடமில்லை. யாரோ விட்டுப்போன பச்சைக் கட்டைப்பையை அப்பா எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்தார். சிறிது நேரத்தில் ஒருவர் வந்து, "பச்சைக் கட்டைப்பைங்க, இப்பத்தான் விட்டுட்டுப் போனேன்" என்றார். அப்பா கொடுத்துவிட்டார். சாயங்காலம் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி கடை வாசலில் நின்று அழுதார். பைக்குள் வெள்ளிக் குங்குமச் சிமிழும் பஞ்சபாத்திரமும் உத்தரணியும் இருந்தனவாம். ஒரு பழைய வேட்டித் துண்டில் சுற்றி, முடிச்சுக்குள் ஒரு மஞ்சள் கிழங்கு வைத்துக் கட்டியதாகச் சொன்னார்.

முதலில் வந்த ஆள் எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அப்பாவின் தலைக்குப் பின்னால் தொங்கியதைப் பார்த்துச் சொன்னார், அவ்வளவுதான். உங்கள் கடையிலும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் எண்ணம். மஞ்சள் பை கல்லா மேலேயே இருந்திருக்கும்.

அப்பா அந்தப் பாட்டியைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு வெள்ளிக்கடைக்குப் போனார். பாட்டி கையால் அளவு காட்டிய சிமிழும் பஞ்சபாத்திரமும் வாங்கி வந்து கொடுத்தார். "நம்ம கையிலேர்ந்துதானே போச்சு" என்றார் அம்மாவிடம். எனக்கு அப்போது சட்டம் தெரியாது. பிறகு சட்டக் கல்லூரியில் 71-வது பிரிவைப் படித்தபோது அப்பா அன்று செய்தது நினைவுக்கு வந்தது.

சரி, போர்டு விஷயத்துக்கு வருவோம். போர்டு எழுதி மாட்டினால் பொறுப்பு போய்விடும் என்று பல கடைக்காரர்கள் மனதார நம்புகிறார்கள். 1998-ல் டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நடந்ததைப் பாருங்கள். விருந்தினர் ஒருவர் தன் மாருதி ஜென் கார் சாவியை நிறுத்துமிட ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வேறு காரில் வந்த இளைஞர்களில் ஒருவன் அந்தச் சாவியை எடுத்துக் காரோடு போய்விட்டான். 'உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் நிறுத்தப்படுகிறது' என்று சீட்டிலேயே அச்சடித்திருந்தோமே என்றது ஓட்டல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பொருள் உங்கள் வசம் வந்த பிறகு, உங்கள் கவனக்குறைவுக்கான பொறுப்பை அச்சடித்த வாசகத்தால் தட்டிக்கழிக்க முடியாது என்று 2019 நவம்பரில் தீர்ப்பானது. ஓட்டல் சீட்டுக்கே அந்தக் கதி என்றால், சுவரில் தொங்கும் போர்டை வைத்து உங்களை விரட்ட முடியாது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் வேலை கேமரா பதிவு. பல கடைகளில் 15 நாளிலோ 30 நாளிலோ பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். நாள், நேரம், கல்லா எண் குறிப்பிட்டு, அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி கேட்டு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் போனில் அந்த அழைப்பு நேரத்தோடு இருக்கும், அதைப் படம் எடுத்து வையுங்கள். ஜவுளி பில்லும் பஸ் டிக்கெட்டும் கையில் இருந்தால் எறியாதீர்கள். பத்தரிடம் அவர் கணக்கில் எழுதிய எடையைக் கேட்டு ஒரு சீட்டில் வாங்குங்கள். அந்த ஜிமிக்கியைப் போட்டு எடுத்த கல்யாணப் போட்டோ ஏதாவது இருந்தால் அதுவும் சாட்சிதான்.

அடுத்து காவல் நிலையம். புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பையை வாங்கிப் போன பெண்மணி தன்னுடைய மஞ்சள் பை என்று நிஜமாகவே நினைத்திருக்கலாம், அதையும் மறக்க வேண்டாம். இந்த ஊரில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை எல்லாமே மஞ்சள்தான். ஆனால் வீட்டுக்குப் போய்ப் பிரித்து, அடுத்தவர் நகை என்று தெரிந்தும் வைத்துக்கொண்டால், பாரதிய நியாய சம்ஹிதை என்ற குற்றவியல் சட்டத்தின் 314-வது பிரிவில் அது குற்றம். 6 மாதத்துக்குக் குறையாத, 2 ஆண்டு வரையிலான சிறையும் அபராதமும் உண்டு. அவரைக் கண்டுபிடித்து நகை திரும்பக் கிடைத்தால் கடை மீதுள்ள உங்கள் கோரிக்கை பெரும்பாலும் முடிந்துவிடும். கிடைக்காவிட்டால், முதலில் நீ போய் அந்த அம்மாவைத் தேடிப் பிடி என்று கடை உங்களிடம் சொல்ல முடியாது.

அப்புறம், வக்கீல் நோட்டீஸ். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், தஞ்சாவூருக்கு அலைய வேண்டாம், திருவாரூரே போதும். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பையை எடுத்து வைத்தது இலவச உதவி, சேவையே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். அந்த வாதத்துக்குத் தயாராக இருங்கள். நீங்கள் புடவை வாங்கிய வாடிக்கையாளர், கடையே போனில் உறுதி சொன்னது என்ற இரண்டையும் முன்னால் வைக்க வேண்டும். அந்த வழி சரிப்படாவிட்டால் சிவில் நீதிமன்றத்தில் ஒப்பந்தச் சட்டப்படி கேட்கலாம்.

ஒன்று மட்டும். போன பொருளின் மதிப்பையே கேளுங்கள். கூடுதலாக இரண்டு சவரன் சேர்த்துச் சொல்லுங்கள் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பத்தர் சீட்டில் ஒன்று, மனுவில் மூன்று என்று வந்தால் உண்மையான ஒன்றும் கைவிட்டுப் போகும்.

கேள்வி: திருவையாற்றில் டீக்கடை வைத்திருக்கிறேன். ஆராதனைக் கூட்டத்தில் குடை, போன், பை என்று எதையாவது விட்டுப் போகிறார்கள். எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும்? யாரிடம் கொடுப்பது?
– வாசகர், திருவையாறு

பதில்: இத்தனை நாள் என்று சட்டத்தில் கணக்கு இல்லை. நியாயமான காலம் வைத்திருந்து, சொந்தக்காரரைத் தேட முயற்சி செய்திருக்க வேண்டும். விலை உயர்ந்ததை இரண்டொரு நாளில் காவல் நிலையத்தில் கொடுத்து எழுத்தில் ஒப்புகை வாங்கிவிடுங்கள். உங்களுக்கும் நிம்மதி. விற்க நினைக்காதீர்கள். அழுகிப்போகும் பொருள், அல்லது உங்களுக்குச் சேர வேண்டிய செலவு பொருள் விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டுவிட்டது என்பது போன்ற சில நிலைகளில்தான் ஒப்பந்தச் சட்டத்தின் 169-வது பிரிவு விற்க விடுகிறது. சொந்தக்காரர் சன்மானம் அறிவித்திருந்தால் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கொடுக்கும்வரை பொருளைப் பிடித்தும் வைக்கலாம். அறிவிக்காதபோது டீக்காசுகூடக் கேட்டு வழக்குப் போட முடியாது.

யாரிடம் கொடுப்பது என்பதற்கு, மேலே சொன்ன சம்பவத்துக்குப் பிறகு அப்பா கடைப்பிடித்ததைச் சொல்கிறேன். எடுத்த பொருள் கண்ணில் படாமல் கல்லாப்பெட்டிக்குக் கீழே போகும். கேட்டு வருபவரிடம் "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். பச்சையா, பெரிசா என்று தானாக எடுத்துக் கொடுக்க மாட்டார். போன் என்றால் உங்கள் எதிரிலேயே பூட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கொடுக்கும்போது பெயர், ஊர், போன் எண், கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு 40 பக்க நோட்டு போதும். அப்பாவின் நோட்டு இன்னும் என் அலுவலக மேஜையில் இருக்கிறது. அதில் ஒரு வரி: "எவர்சில்வர் தூக்கு 1. மூடி நசுங்கல். வலது காதில் சிவப்பு நூல். மதியம் 2 மணி." எதிரே, வேறு மையில், ஒரு கைநாட்டு.